சோப்பு டிரம்மில் ஸ்பிரிட்

கொரோனா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. என் தங்கையின் மூத்தார், அதாவது இறந்துபோன அவள் கணவரின் அண்ணன், அப்போது வாங்கிக் குவித்த சானிடைசர் மட்டும் போகவில்லை. முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஐந்து நீலக் கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் இருபது லிட்டர். மேலே கிழிந்த தார்ப்பாய். ஊரே சானிடைசருக்கு அலைந்தபோது விலை இன்னும் ஏறும் என்று வாங்கிப் பதுக்கினார். ஏறுவதற்குள் ஒவ்வொரு கடை வாசலிலும் இலவசமாகவே கையில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர்கள் மூச்சுக்குத் திணறிய அந்த மாதங்களை அவர் இன்றைக்கும் "அந்த சீசன்" என்றுதான் சொல்வார்.

நான் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் கொடுத்த மரியாதை அந்த ஒரு சொல்தான். அவர் என்னை "டீச்சரம்மா" என்பார். நான் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். பாடம் எடுப்பவர்கள் வேறு. இந்த வித்தியாசத்தை அவருக்கு மூன்று முறை விளக்கினேன், பிறகு விட்டுவிட்டேன். பிரான்சில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தவர் அவர். இரண்டும் சேர்த்து ஐந்து மாதம் இருக்காது. அந்த ஐந்து மாதத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வார். பேச்சு எங்கே தொடங்கினாலும் "பிரான்சுல எல்லாம்" என்றுதான் வந்து நிற்கும்.

என் தங்கை அந்த வீட்டின் பின்கட்டில் இருக்கிறாள். ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சின்ன சமையலறை. கணவர் இருந்தபோது அது அவர்கள் பாகம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வாய்வார்த்தை சொன்னவர்கள் எல்லாரும் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள், மூத்தார் ஒருவரைத் தவிர. அவருக்கு ஞாபக மறதி.

அந்த அறையில்தான் அவள் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் தயாரித்தாள். ஆசிட் ஸ்லரி என்று கறுப்பாகக் கூழ் போல ஒன்று வரும். அதைக் காஸ்டிக் சோடா கரைசலில் கலக்கி காரம் சரிபார்த்து, நுரைக்கும் பசை சேர்த்து, கடைசியில் உப்புப் போட்டால் கெட்டிப்படும். எலுமிச்சை வாசனையும் பச்சைச் சாயமும் போட்டால் வேலை முடிந்தது. எனக்கு இந்தத் தொழில் மீது பெரிய மதிப்பு கிடையாது. சாயமும் வாசனையும் அழுக்கை எடுப்பதில்லை என்று அவளிடம் சொன்னேன். "பச்சையா இல்லேன்னா யாரும் வாங்க மாட்டாங்க அக்கா, நீ வேணா நிறமில்லாததுல தேய்ச்சுக்க" என்றாள். அக்கம்பக்கத்து வீடுகள் போக, ஊரின் இன்னொரு பக்கம் கதிர்காமத்தில் ஒரு மாணவியர் விடுதி மெஸ் அவளிடம் வாங்கியது. அந்த மெஸ்தான் அவள் தொழிலின் முதுகெலும்பு.

மூத்தாருக்கு அந்தப் பின்கட்டு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பெங்களூர் கார்கள் இந்த ஊருக்குள் நுழைவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கீழே முன்னறையில் புது டைல்ஸ் போட்டு, ஏசி மாட்டி, நாலு கால் கட்டிலுக்கு வெள்ளைக் கொசுவலை தொங்கவிட்டு ஹோம் ஸ்டே ஆக்கினார். சுவரில் ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தை மாட்டினார். அது எதற்கு என்று கேட்டேன். "ஹெரிடேஜ்" என்றார். அடுத்தது பின்கட்டு. அங்கே விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாட்டு அறை வருமாம்.

"ஏம்மா, இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குள்ள இந்த சோப்பு வியாபாரம் சொந்தக் கால்ல நிக்குதுன்னு காட்டு. இரு. யாரு வேணாங்குறா? இல்லேன்னா மேல வந்து எங்களோட இரு. நாலு பேருக்கு சமைக்கிறது ஆறு பேருக்கும் ஆவும்" என்றார் தங்கையிடம். எந்த ஆறு பேர் என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருந்தது இரண்டு பேர். மீதி நாலு பேர் பெங்களூரிலிருந்து வருவார்கள்.

என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். "உன் வீட்ல கரண்டி மாட்டுற ஆணிக்கும் பேரு எழுதி வெச்சிருப்ப. அதுக்கு நான் அவருக்கே சமைச்சுப் போடலாம்" என்றாள். நான் எழுதி வைத்திருப்பது டப்பாக்களில்தான், ஆணிகளில் இல்லை. ஆனால் அவள் சொல்ல வந்தது புரிந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கென்று ஒரு கதவும் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். அது அந்தப் பின்கட்டில்தான் இருந்தது.

மார்கழி பிறந்ததும் அவள் லிக்விடுக்கு ஒரு நோய் வரும். விடிகாலைக் குளிரில் கலங்கி, கேனின் அடியில் வெள்ளையாகப் படியும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். ஆனால் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்க ஆரம்பிப்பது வெயில் ஏறும் முன்பே. "கேன்ல பாதி மோராட்டம் கெடக்குது" என்று அங்கிருந்து போன் வந்தது. இதை மூத்தார் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயி கவலப்படறியா? நம்ம ஸ்பிரிட்ட ஊத்து. பிரான்சுல எல்லா க்ளீனிங் சாமான்லயும் ஆல்கஹால் இருக்கும். கண்ணாடி மாதிரி நிக்கும்."

சானிடைசரை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஸ்பிரிட் என்றார். ஆறுதலாகச் சொன்னதாக நினைக்கக் கூடாது. ஐந்து கேனையும் எங்கே தள்ளுவது என்று வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் தங்கையிடம் ஒரு சொட்டு கூடச் சேர்க்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினேன்.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு நீள வால். தலைக்குத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளப் பிடிக்கும். வால் எண்ணெய் ஜாதி, தண்ணீரைக் கண்டால் ஆகாது. பாடப்புத்தகங்களில் இதைத் தலைப்பிரட்டை மாதிரி வரைந்து, சிரிக்கும் கண்கூட வைத்திருப்பார்கள். அந்தப் படம் போட்டவர்களை எனக்குப் பிடிக்காது. தண்ணீரில் சோப்பு கொஞ்சமாக இருக்கும்வரை மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். ஒரு அளவைத் தாண்டியதும் பல பத்து மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி உருண்டையாகக் கூடிவிடும். அந்த உருண்டைதான் மைசெல். பாத்திரத்து எண்ணெய் அதன் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரோடு கழுவிப் போகிறது. உப்புப் போட்டால் உருண்டைகள் புழு மாதிரி நீண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். லிக்விட் கெட்டியாவது அதனால்தான். கூட்டம் சேராவிட்டால் சோப்பால் ஒரு உபயோகமும் இல்லை.

"சரி. ஸ்பிரிட்டு இன்னா பண்ணும்?"

"தண்ணி பிடிக்காமதான் வால் எல்லாம் ஒளியுது. ஸ்பிரிட் சேந்தா அந்தத் தண்ணியே வாலுக்குப் பழகிடும். அப்புறம் எதுக்கு ஒளியணும்? ஒவ்வொண்ணும் தனித்தனியா நிம்மதியாத் திரியும். கூட்டம் கலைஞ்சிடும்."

"சரக்கு உள்ள போனா வெக்கம் போயிடும்ங்குற."

இந்த ஊரில் இப்படித்தான் புரிந்துகொள்வார்கள். சாராயக் கடை இல்லாத தெருமுனையைத் தேட வேண்டிய ஊரில் வேறெப்படிப் புரியும்? நான் அந்த உவமையை ஏற்கவில்லை என்று சொன்னேன்.

என் உறுதிக்கு ஒரு காரணம் இருந்தது. முதுகலை படித்தபோது என் ஆய்வே இதுதான்: தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் சோப்பு மூலக்கூறுகள் எந்த அளவில் கூடுகின்றன என்று மின்கடத்து திறனை வைத்து அளப்பது. ஆல்கஹால் ஏற ஏற, உருண்டை சேர அதிகச் சோப்பு தேவைப்பட்டது. முப்பது சதவீதத்தைத் தாண்டினால் எங்கே கூடுகிறது என்றே வரைபடத்தில் தெரியவில்லை. ஆனால் என் வழிகாட்டிக்குச் சின்ன அளவுகளில் அக்கறை கிடையாது. "பத்து பர்சென்ட்டுக்குக் கீழ எதுக்கு நேரத்த வீணாக்கறீங்க? ஆரம்பமே இருபதுல வைங்க" என்றார். ஓய்வுபெறும் அவசரத்தில் இருந்த மனிதர். என் வரைபடமும் இருபதில்தான் தொடங்கியது. அதற்கு இடப்பக்கம் வெறும் தாள்.

தங்கை ஒரு வாரம் கழித்து என்னை விடிகாலையிலேயே வரச் சொன்னாள். இரண்டு பாட்டில்களை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள். ஒன்று மோர். இன்னொன்று பச்சைக் கண்ணாடி. இரண்டும் ஒரே நாள் தயாரித்ததுதான்.

"இதுல இன்னா சேத்த?"

"மாமா கேன்லருந்து கொஞ்சம். பெரிய பாட்டிலுக்கு அரை டம்ளர். திட்டாத."

மூத்தாரை அவள் மாமா என்பாள். நான் திட்டவில்லை. ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன். கொஞ்சம் இளகியிருந்தது. ஒரு சிட்டிகை உப்பு கூடப் போட்டால் சரியாகிவிடும். எண்ணெய்த் தட்டு ஒன்றைக் கழுவினேன். இன்னொன்றை மோர் பாட்டிலால் கழுவினேன். வித்தியாசம் இருந்தால் அது ஸ்பிரிட் பாட்டில் பக்கம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிப் படித்தேன். கொஞ்சமாகச் சேர்க்கும்போது ஆல்கஹால் வெளியே நிற்பதில்லை. உருண்டையின் மேலோரத்தில், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் தலைகளுக்கு நடுவே புகுந்து இடைவெளி உண்டாக்குகிறது. சண்டை குறைவதால் மூலக்கூறுகள் இன்னும் சீக்கிரமே கூடுகின்றன. குளிரில் படிவதும் நின்றுபோகிறது. ஐந்து சதவீதம் வரை நல்லது, முப்பதைத் தாண்டினால் நாசம். என் வரைபடத்தின் வெறும் தாளில் இருந்திருக்க வேண்டியது அந்த ஐந்துதான். வழிகாட்டியை நினைத்து அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

"ஒரு சொட்டு கூடாதுன்ன" என்று தங்கை சிரித்தாள். "அரை டம்ளருக்கு மேல ஒரு சொட்டு கூடாது" என்றேன்.

அந்தத் தெளிந்த பாட்டிலை மெஸ்ஸுக்குக் கொண்டுபோனாள். மெஸ்காரம்மாளுக்குப் பிடித்துவிட்டது. வருஷம் முழுவதற்கும் உன்னிடமே எடுக்கிறேன், முதல் கேனைக் கொண்டு வா என்றார். வருஷப் பிறப்புக்குள் வியாபாரம் சொந்தக் காலில் நிற்கிறது என்று காட்ட இதைவிட வேறு வேண்டியதில்லை. அவள் செய்த ஒரே தவறு, அந்தச் சந்தோஷத்தில் மாடிப்படியைப் பார்த்து, "மாமா, உங்க ஸ்பிரிட்டு கொஞ்சம் சேத்தேன், நல்லா நின்னுச்சு" என்று சொன்னதுதான்.

கொஞ்சம் நல்லது செய்தால் நிறைய இன்னும் நல்லது செய்யும் என்று நினைக்கிற மூளை உண்டு. உப்பு விஷயத்தில் அந்த மூளை அப்படி நினைக்காது, ஏனென்றால் அது வாயில் போகும். சோப்பு அடுத்தவர்கள் கைக்குத்தானே போகிறது?

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வழக்கம்போல நான் போனேன். வாசலிலேயே நெடி மூக்கில் அறைந்தது. தங்கை சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. இருநூறு லிட்டர் டிரம்மில் பாதிவரை அவள் தயாரித்து வைத்திருந்த லிக்விட், இப்போது விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. ஐந்து நீலக் கேன்களும் வாய் திறந்து காலியாகக் கிடந்தன. அவள் வழக்கப்படி மாதா படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்தி இரண்டு கஜத்தில் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் மெழுகுவர்த்தியை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். முண்டா பனியனோடு, கையில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னா காரியம் பண்ணிட்டீங்க?"

"ஹெல்ப் பண்றேன் டீச்சரம்மா. அவ பாவம், டம்ளர் டம்ளரா ஊத்திட்டிருக்கா. பாருங்க, எவ்ளோ க்ளியர்!"

க்ளியர்தான். தண்ணீர் போலவே க்ளியராக, தண்ணீர் போலவே நீர்த்தும் இருந்தது. லேபிளில் எழுபத்தைந்து சதவீதம் என்று போட்ட ஸ்பிரிட் நூறு லிட்டர், சோப்பு நூறு லிட்டர். கலவையில் முப்பத்தேழு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். இது சோப்பாக வேலை செய்யாது என்று சொன்னேன். ஏன் என்று மைசெல்லிலிருந்து தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். டிரம்மிலிருந்து ஒரு கை அள்ளி அதில் விட்டார். அதே மரக்கட்டையால் அடித்தார். நுரை பொங்கி வந்தது.

"வுவாலா!" பிரெஞ்சில் 'இதோ பார்' என்று அர்த்தமாம்.

மாடியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துக் கை தட்டினாள். அவர் கூப்பிட்டு நிறுத்தியிருந்த ஆட்டோக்காரரும் எட்டிப் பார்த்தார். "நொர வருதே சார்" என்றார். வராமல் எப்படி இருக்கும்? ஒரு கை கலவையை ஒரு பக்கெட் தண்ணீரில் விட்டால் அதில் ஆல்கஹால் இருந்த இடம் தெரியாது. வால்களுக்கு மறுபடியும் தண்ணீர் ஆகாமல் போகும், மறுபடியும் கூடும், மறுபடியும் நுரைக்கும். அந்தப் பக்கெட்டில் வேலை செய்தது என் தங்கையின் சோப்பு, அவருடைய ஸ்பிரிட் இல்லை. மெஸ்ஸில் யாரும் பக்கெட்டில் கரைப்பதில்லை, நேராகத் தேங்காய் நாரில் ஊற்றித் தேய்ப்பார்கள் என்றேன்.

"நுரை தெரியுதா, தெரியலயா? அத சொல்லுங்க."

தெரிகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. உண்மையாக இருந்ததால் சொன்னேன். தப்பான சோதனை செய்பவர்களிடம் உள்ள கொடுமை இதுதான்: அவர்களுக்கு எப்போதும் ஒரு விடை கிடைத்துவிடுகிறது.

தங்கை பூசை முடிந்து வந்தபோது அவர் இரண்டு கேன் நிரப்பி ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் தானும் ஏறியிருந்தார். அவள் டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் ஆட்டோவில் ஏறினாள். எனக்கும் இடம் பண்ணினாள். மூன்று பேரும் இரண்டு கேனும் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அவர் ஹோட்டல்களுக்கு சப்ளை செய்வது பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் மீன் குழம்பு. பின்பக்கம் குழாயடியில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஓரத்தில் செந்நிற எண்ணெய் உறைந்திருந்தது. சுற்றுக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். மெஸ்காரம்மாள் கேனைத் திறந்து ஒருத்தியின் நாரில் ஊற்றினார். அது நாரில் நிற்காமல் விரலிடுக்கில் ஓடித் தரையில் விழுந்தது.

"இன்னா இது, மூத்தரமாட்டம் ஓடுது?" என்றாள் அவள்.

"ஸ்பெஷல் பவர்ம்மா. கொஞ்சம் தேய்ச்சுப் பாரு" என்றார் மூத்தார்.

அவள் தேய்த்தாள். நுரை இல்லை. எண்ணெய் நாரோடு சேர்ந்து அண்டா முழுக்கப் பரவியது. இன்னொருத்தி குனிந்து முகர்ந்தாள்.

"அடியே, எங்கூட்டுக்காரரு வாசன வருதுடி."

"அவரப் போட்டுத் தேய்ச்சாலும் இப்டித்தான், எண்ண போவாது."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நாரைக் கீழே போட்டாள். அவள் விரல்களில் வெடிப்பு இருந்தது, அதில் ஸ்பிரிட் இறங்கிவிட்டது. "ஐயோ, காந்துதுக்கா" என்று குழாயடியில் கையை நீட்டினாள்.

மெஸ்காரம்மாள் மூத்தாரைத் திரும்பிப் பார்த்தார். "இதுங்க கை புண்ணாச்சுன்னா இந்த அண்டாவ யாரு தேய்ப்பா? நீங்களா?"

"பிரான்சுல இதெல்லாம் மெஷின்லதான்..."

"அப்ப அந்த மெஷினக் கொண்டாங்க. இந்தத் தண்ணிய எடுத்துட்டுப் போங்க."

பிறகு தங்கையிடம் குரலைத் தணித்தார். "மொதல்ல குடுத்தியே, அது நல்லா இருந்துச்சு. அதுக்காக ஒரு தடவ பாக்கறேன். புதன்கெழம ஒரு கேன் கொண்டா. அதுவும் இப்டி இருந்துச்சுன்னா, நான் கடையில வாங்கிக்கறேன். கோச்சுக்காத."

திரும்பி வரும்போது மூத்தார் ஹோட்டல்களைப் பற்றிப் பேசவில்லை. கிராமத்து ஆட்களுக்கு மாடர்ன் சாமான் பிடிபடாது என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். இந்தத் தடவை ஆட்டோக்காரர் ஹாரனை மட்டும் அடித்தார்.

வீட்டு முற்றத்தில் இறங்கியதும் ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டார். அப்புறம், ஏதோ அவள்தான் தோற்றுப்போனது மாதிரி பெருமூச்சு விட்டார்.

"பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன். இதெல்லாம் உனக்கு ஒத்து வராது. முப்பத்தொண்ணாந்தேதி பெங்களூர் பார்ட்டி வருது. அதுக்குள்ள பின்கட்ட காலி பண்ணிக் குடுத்துடு."

என்னுடைய வாயில் அப்போது வந்த வார்த்தைகளை டைரியில் கூட எழுதவில்லை. தங்கை என் முழங்கையைப் பிடித்தாள்.

"சரி மாமா. அந்த டிரம்ம இன்னா பண்றது?"

"எந்த டிரம்மு? சாக்கடையில ஊத்திடு."

"அக்கா, சாக்கடையில ஊத்தலாமா?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளதைச் சொன்னேன். நாற்பது சதவீதத்தை நெருங்கும் ஸ்பிரிட் நம் ஊர் வெயிலில் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். இருநூறு லிட்டரைத் தெருச் சாக்கடையில் விட்டால் தெரு முழுக்க நெருப்பு ஓடும். பின்கட்டிலும் வைக்க முடியாது, அங்கே அடுப்பு இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழேயும் கூடாது, அங்கே நின்றுதான் அண்ணே நீங்கள் சிகரெட் பிடிக்கிறீர்கள்.

அவர் கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார். திறந்திருந்த பின்கட்டுக் கதவைப் பார்த்தார். குழாயடிக்குப் போய் அதை நனைத்துப் போட்டுவிட்டு வந்தார். அவரை நான் அவ்வளவு வேகமாக நடந்து பார்த்ததில்லை.

"அப்ப எப்டிதான் ஒழிக்கறது?"

"புது சோப்புல கொஞ்சங் கொஞ்சமா கலந்துதான் மாமா தீக்கணும். அந்த மொதல் பாட்டில் மாதிரி. அக்காவுக்கு அளவு தெரியும்."

அளவு தெரியும். அங்கேயே மனக்கணக்குப் போட்டுச் சொன்னேன். ஐந்து சதவீதத்துக்கு வர வேண்டுமென்றால் இந்த ஒரு டிரம் ஏழெட்டு டிரம் சோப்பில் கரைய வேண்டும். அவள் மாதம் ஒரு டிரம் விற்கிறாள், அதுவும் மெஸ் ஆர்டர் நிலைத்தால். அதுவரைக்கும் டிரம்மை இறுக்கி மூடி, வெயில் படாத, நெருப்பு அண்டாத, குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும்.

"அந்த மாதிரி ரூமு எங்க இருக்குது?" என்றார். கேட்டு முடிக்கும்போதே அவருக்கும் தெரிந்துவிட்டது. புது டைல்ஸ், ஏசி, வெள்ளைக் கொசுவலை.

அவர் மெதுவாக, "அப்ப பின்கட்டு?" என்றார்.

"சோப்பு காய்ச்சலேன்னா டிரம்மு எப்டி மாமா காலியாவும்?" என்றாள் என் தங்கை. முக்காட்டை அப்போதுதான் எடுத்து மடித்தாள்.

நாலு பேர் சேர்ந்து டிரம்மை முன்னறைக்கு நகர்த்தினோம். கட்டிலைச் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது. பெங்களூர் பார்ட்டிக்கு அவர் போன் செய்தார். பைப் உடைந்துவிட்டது என்று சொன்னது என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை புது சோப்பு காய்ச்சினாள். மெழுகுவர்த்தியை மாடத்திலிருந்து எடுத்துவிட்டு மாதாவுக்கு ஒரு சின்ன பல்பு போட்டோம். முன்னறையிலிருந்து அளந்து கொண்டுவந்த கலவையை நானே ஊற்றினேன். உப்பை அவள் போட்டாள். புதன் விடிகாலையில் கேன் பச்சைக் கண்ணாடியாக இருந்தது. மெஸ்ஸில் அதே பெண் நாரில் ஊற்றினாள். நின்றது. அண்டாவில் நுரை முழங்கைவரை ஏறியது. "இது சோப்பு" என்றாள் மெஸ்காரம்மாளிடம். மேற்கொண்டு பேசாமல் அடுத்த அண்டாவை இழுத்துக்கொண்டாள். வருஷ ஆர்டர் உறுதியானது.

மூத்தாருக்கு வெட்கம் எத்தனை நாள் இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், பொங்கல் வரைகூட இல்லை. இப்போது யார் வந்தாலும் முன்னறைக் கதவைத் திறந்து டிரம்மைக் காட்டுகிறார். "நம்ம பார்முலாதான். ஆல்கஹால் பேஸ். பிரான்சுல எல்லாம் இப்டித்தான்." தங்கை மறுப்பதில்லை. புது லேபிளில் 'ஆல்கஹால் பவர்' என்றுகூட அச்சடித்துவிட்டாள். ஐந்து சதவீத ஆல்கஹாலுக்கு என்ன பவர்? என் வீட்டு பாட்டிலில் லேபிளைக் கிழித்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். டிரம் இருக்கும்வரை வீட்டுக்குள் எங்கேயும் சிகரெட் கூடாது என்று நான் எழுதி ஒட்டிய தாளை அவர் மனைவி சட்டமாக்கிவிட்டாள். அவர் தெருவில் இறங்கி, எதிர்வீட்டு மதிலோரம் நின்று புகைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் நான் போனபோது அங்கேதான் நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, இன்னும் எத்தன மாசம் ஆவும்?"

"அளவுப்படிதான் போயிட்டிருக்குது அண்ணே" என்றேன்.

உள்ளே தங்கை அன்றைய சோப்பில் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த அளவுக் குவளை கொடியில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கையில் இருந்தது காபி டம்ளர். அதில் ஊற்றினால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. மார்கழி போய்விட்டதால் சோப்புக்கு அதுவே போதும். ஆனால் அந்தக் கணக்கில் போனால் டிரம் காலியாக வருஷக்கணக்காகும். மற்றவர்கள் அளவில் தப்புச் செய்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா அக்கா?"

"ஒண்ணுமில்ல. உப்பு போட மறந்துடாத" என்றேன்.